அகத்தைப் பெருக்குகிறவர் யார்?

உள்முகப் பயணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து காப்பி வந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு நண்பர் வீட்டு முன்னறையில் நடந்த கூட்டத்தைச் சொல்கிறேன். 14 பேர் இருந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் கவிதை வாசித்தார். ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஏனம் கழுவுகிற ஒருத்தியைப் பற்றிய கவிதை. அங்கணத்தில் தண்ணீர் வடிந்து தீர்கிறவரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்; விஷயம் அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் நான் மதிக்கிற விமர்சகர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். இது புறச்சூழல் பற்றிய புகார், அனுபவம் உள்முகப் பரிமாணம் கொள்ளவில்லை என்றார். தலைகள் ஆடின. என் தலையும் ஆடியது. அந்தச் சமயத்தில்தான் நண்பரின் மனைவி தட்டோடு வந்தார். இரண்டரை மணி நேரக் கூட்டத்தில் அவர் முன்னறைக்கு வந்தது மூன்று தடவை, மூன்று தடவையும் கையில் தட்டோடு. அந்தக் கவிதையை அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியாது, பால் அடுப்பில் இருந்தது.

விமர்சகரின் தீர்ப்பு சென்ற இதழில் ஒரு குறிப்பாகவும் அச்சேறிவிட்டது. 'சமையலறைக் கவிதைகள்' என்று ஒரு தனி ஜாதியை சிருஷ்டித்து, அவை சமூகவியலுக்கு உரியவை, கவிதை ஆத்மாவின் தனிமைக்கு உரியது என்று எல்லை பிரித்திருக்கிறார். அதற்கு மறுப்பாக இதை எழுதுகிறேன். அன்று தலையாட்டியதற்குப் பரிகாரமாகவும்.

அகம் என்ற சொல்லுக்குத் தமிழில் மனம் என்று பொருள், வீடு என்றும் பொருள். பிராமண வீடுகளில் 'ஆத்தில்' என்று சொல்வது அகத்தின் தேய்வுதான். இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்த பாஷை, அவற்றுக்குள் ஏதோ சம்பந்தம் இருப்பதை அறிந்துதான் வைத்திருக்கும். நம் நவீன விமர்சனம் இதில் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு மற்றதை வாசலில் விட்டுவிட்டது. மனம் என்கிற அகத்தைப் பற்றி ஐம்பது வருஷமாக எழுதிக் குவித்திருக்கிறோம். வீடு என்கிற அகத்தை யார் பெருக்குகிறார், யார் துடைக்கிறார், அதில் பிறக்கிற குழந்தையை யார் ராத்திரி தோளில் போட்டு நடக்கிறார் என்பது பிரக்ஞையின் விசாரணைக்குத் தகுதியற்ற அற்ப விஷயமாகிவிட்டது. என் கட்சி இது: இந்த அற்ப விஷயத்தில்தான் கணவன் மனைவி இருவருடைய மனமும் உருவாகிறது, சிதைகிறது. இதைப் பாராத உள்முகம், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறவனின் உள்முகம்.

நம் வாசிப்பின் லட்சணத்துக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். காம்யுவிடமிருந்து சிசிபஸை வாங்கிக்கொண்டோம். அந்தப் பாறை 1942இல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்து உருண்டு, எழுபதுகளில் சிற்றேடுகளின் பக்கங்களில் வந்து விழுந்தது. எத்தனை கவிதைகள், எத்தனை கட்டுரைகள்! 1949இல் சிமோன் த பொவ்வார் அதே பாறையை அடுக்களையில் காட்டினார். சுத்தம் செய்தது அழுக்காகிறது, அழுக்கானதை மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டும், சிசிபஸின் தண்டனைக்கு வீட்டு வேலையைவிட நெருக்கமான வேலைகள் மிகக் குறைவு என்று எழுதினார். மலை மேல் ஏறுகிற சிசிபஸ் நமக்குத் தத்துவமாகிவிட்டான். அங்கணத்தில் நிற்கிற சிசிபஸ் புகாராகிவிட்டாள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவும் சாயாவும் குடத்தோடு அலைகிறார்கள். நாம் தண்ணீர் எதன் குறியீடு என்று தேடினோம். குடம் பிடித்த கை வலிக்குமே என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை, நான் எழுதவில்லை.

இன்னும் நம் ஊர்ப் பக்கத்துக்கே வருகிறேன். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை இந்த ஏட்டின் வாசகர்கள் எத்தனை தடவை படித்திருப்பார்கள்! பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர். மனைவி ஓயாத நோயாளி. அவர் அடுப்பு மூட்டுகிறார், அவளுக்குப் பக்குவம் பார்த்துக் கொடுக்கிறார், அவள் இறந்ததும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுகிறார். தமிழ்ச் சிறுகதையில் ஓர் ஆண் இவ்வளவு வீட்டு வேலை செய்து நான் வேறெங்கும் படித்ததில்லை. வறுமை, மரணம், தாம்பத்யத்தின் மௌனம், திருநெல்வேலிக்குத் திரும்ப முடியாத துக்கம் எல்லாவற்றையும் பற்றி எழுதினார்கள். ஓர் ஆண் அடுப்பு மூட்டுகிறான் என்பதை மட்டும் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்: அவன் அடுப்பு மூட்ட அவள் ஏன் சாகக் கிடக்க வேண்டும்?

தமிழ்க் கதையில் ஆண் அடுக்களைக்குள் நுழைவதற்குச் சில வாசல்கள்தான் உண்டு. மனைவி படுக்கையில் விழ வேண்டும், அல்லது தாய்வீடு போக வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். நான்காவது வாசல் கூலி. கல்யாண வீட்டில் கோட்டை அடுப்புக்கு முன்னால் நிற்பவன் ஆண், ஓட்டலில் தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்பவன் ஆண், திருநெல்வேலிச் சைவ வீடுகளின் தவசிப்பிள்ளை ஆண். ஆகவே கைக்குத் தெரியாத வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். கூலி தந்தால் தெரிகிறது.

கூலி தராத அடுக்களைக்கு நம் மரபு என்ன கொடுத்தது? குறுந்தொகையின் 167ஆம் பாட்டு இல்லறத்தின் சிகரம் என்று கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். முற்றிய தயிரைப் பிசைந்த விரலைக் கழுவாமல் உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிதப் புகை கண்ணை நிறைக்கிறது, அவனோ நன்றாயிருக்கிறது என்று சொல்லி உண்கிறான், அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் பெரிய கவி. அந்தப் புகையை எழுதியதற்காகவே பெரிய கவி. ஆனால் நாம் புகையை விட்டுவிட்டு மலர்ச்சியை மட்டும் சிலாகித்தோம். ஒரு சொல் பாராட்டு, ஒரு முகமலர்ச்சி: கணக்கு நேராகிவிட்டது. இரண்டாயிரம் வருஷமாக அந்த ஒரு சொல்லே ஊதியம். அந்தச் சொல்லையும் பல வீடுகளில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் இடையில் நேர்ந்த மாற்றம்.

வங்கியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல் ஒரு தடவை, 2024இல் ஒரு தடவை நடந்தது. 2019இல் கூலியில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருஷத்தில் பெண் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டால் ஆணும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டான். சமத்துவம் என்றால் இதுவல்லவா! இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 88 நிமிடம் என்பது ஏதாவது வேலை செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 27 பேர். மிச்சப் பேர் அன்று ஒரு தம்ளரைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை. பெண்களில் நூற்றுக்கு 81 பேருக்கு மேல் செய்தார்கள்.

இந்த உழைப்பு எங்கே பதிவாகிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவளை வேலை செய்யாதவர் வரிசையில் வைத்தது. பிச்சைக்காரர்களோடும் சிறைக்கைதிகளோடும் ஒரே வரிசையில் இல்லத்தரசியை வைப்பதா என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கண்டித்தது. கண்டித்த வழக்கு எது? சாலை விபத்தில் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு நஷ்டஈடு கணக்கிடுகிற வழக்கு. 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் நேரப் பயன்பாட்டு ஆய்வின் எண்களை எடுத்துக்காட்டி வீட்டு வேலைக்கு மதிப்புண்டு என்றது. அதுவும் விபத்து வழக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலை செய்துகொண்டவர்களைத் தொழில்வாரியாகப் பிரிக்கிறது. அந்தப் பட்டியலில் 'இல்லத்தரசி' என்று ஒரு தனித் தொழில் இருக்கிறது. 2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,000 பேருக்கு மேல் இல்லத்தரசிகள். அந்த வருஷம் அந்த வரிசையில் முதலில் நின்ற மாநிலம் தமிழ்நாடு.

உயிரோடிருக்கும்போது அவள் வேலையில்லாதவள். சாகும்போது அவளுக்கு ஒரு தொழில் கிடைக்கிறது. செத்தபின் அதற்கு ஒரு மதிப்பு கிடைக்கிறது. செல்லம்மாள் கதைக்கும் இந்திய அரசின் ஆவணங்களுக்கும் இவ்வளவு ஒற்றுமை இருப்பதை நம் ஒப்பிலக்கியப் பேராசிரியர்கள் ஆராயலாம்.

இவ்வளவு பேரும் வீட்டு வேலையால்தான் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அடி, கடன், குடி, நோய், தனிமை எல்லாம் அதற்குள் உண்டு. அந்த எல்லாவற்றுக்கும் நடுவில் சோறு மட்டும் நேரத்துக்கு வெந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கோவிலில் கோமதியம்மன் சன்னிதிக்கு எதிரே தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. ஆக்ஞா சக்கரம் என்பார்கள். மனம் பேதலித்தவர்களையும் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்களையும் அதில் உட்கார வைத்து வேண்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்து வருகிறேன். நான் பார்த்தவரை உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றி நிற்பது புருஷன், மாமியார், யாராவது ஒரு நாத்தனார். பகுத்தறிவு பேசி இதை ஒதுக்கிவிடுவது சுலபம்; நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஒதுக்கினேன். இப்போது வேறு ஒன்று கண்ணில் படுகிறது. அவள் உட்கார்ந்திருக்கிறாள், குடும்பம் நிற்கிறது. அந்த அரைமணி நேரம் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. குழந்தை வேறு யாருடைய இடுப்பிலோ இருக்கிறது. பேய் இறங்கியதோ இல்லையோ, அடுப்பை இறக்கி வைத்திருக்கிறாள். கொஞ்சம் தெளிந்துதான் வீட்டுக்குப் போகிறாள். வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. மறு வெள்ளிக்கிழமை திரும்பவும் வருகிறாள்.

இதே உண்மையை வேறு மொழியில் சொன்னவர்கள் உண்டு. ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் லண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். துன்பம் வரும்போது மனம் உடைந்து போகக்கூடிய பெண்கள் யார் என்று பார்த்து நான்கு காரணங்களைச் சொன்னார்கள். மனம்விட்டுப் பேச முடியாத கணவன். வீட்டில் மூன்றோ அதற்கு மேலோ சின்னக் குழந்தைகள். வெளியில் ஒரு வேலை இல்லாதது. சிறுவயதில் தாயை இழந்தது. கடைசி ஒன்று விதி என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற மூன்றும் வீடு.

வீட்டு வேலையைப் பகிர்ந்தால் ஆணின் மனம் ஒடிந்துவிடாதா என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அமெரிக்காவில் கேதரின் ராஸ், ஜான் மிராவ்ஸ்கி, ஜோன் ஹ்யூபர் மூவரும் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் சம்பாதித்து, வீட்டு வேலை முழுதும் மனைவி தலையில் விழுகிற குடும்பங்களில் மனைவியின் மனச்சோர்வு அதிகம். இருவரும் சம்பாதித்து இருவரும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பங்களில்தான் கணவன் மனைவி இருவருக்குமே சோர்வு குறைவு. பாத்திரம் கழுவியதனால் கணவன் மனம் நொந்துபோனதாக அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கப் புள்ளிவிவரம் சங்கரன்கோவிலுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். காம்யு பொருந்தினாரே!

இனி என்னைப் பற்றி. இவ்வளவு பேசிவிட்டு என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது யோக்கியமாகாது.

என் மனைவி பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. இரண்டாவது குழந்தை பிறந்த சில மாதங்களில் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். நான் அப்போது நவீன கவிதையில் அந்நியமாதல் என்ற தலைப்பில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அது நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கம் தந்தது; மருந்தைப் பழிக்கிற மூடன் அல்ல நான். ஆனால் தூங்கி எழுந்த பிறகு அதே வீடுதான் இருந்தது.

நான் 'உதவி செய்கிற' கணவன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். காய்கறி வாங்குவேன், தண்ணீர் பிடிப்பேன், சொன்னால் குழந்தையைக் குளிப்பாட்டுவேன். என் கையில் வாரியலைப் பார்த்துவிட்டு என் அம்மா, "அத அங்ஙன போடுல, ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்பாள். அந்த வாக்கியம் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு மெடல். ஒருநாள் இரவு, என்னதான் குறை உனக்கு, நான்தான் எல்லாம் செய்கிறேனே என்று கேட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"செய்யிறீங்க, இல்லைங்கல. எல்லாத்தையும் எங்கிட்டக் கேட்டுத்தான செய்யிறீங்க. என்ன காய் வாங்க, எந்த டப்பா, பிள்ளைக்கு என்ன சட்டை, ஊசி என்னைக்கி... கேக்கதுக்குப் பதில் சொல்லதும் ஒரு வேலதாங்க. அத யாரு செய்யிதா?"

நான் படித்த விமர்சன நூல்கள் எதிலும் இத்தனை துல்லியமான வாக்கியங்களைக் கண்டதில்லை. உதவி என்ற சொல்லின் முகமூடி அன்று கழன்றது. உதவி என்றால் வேலை அவளுடையது, நான் இரவல் கை. அரிசி எத்தனை நாளைக்கு வரும், கேஸ் எப்போது தீரும், தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி என்ன, மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, இத்தனையும் ஒரே தலைக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரப் பயன்பாட்டு ஆய்வுக்காரர்கள் கையின் நிமிடங்களை எண்ணுகிறார்கள். ஞாபகத்தின் நிமிடங்களை எண்ண அவர்களிடம் படிவம் இல்லை. அவளுடைய மௌனம் அங்கேதான் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

வங்கியின் காப்பறையை ஒரு சாவியால் திறக்க முடியாது. இரண்டு பேரிடம் இரண்டு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இதில் நம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை, ஒருவன் தலையில் முழுப் பாரமும் ஏறக் கூடாது என்கிற விவேகமும் இதில் உண்டு. பணத்துக்குத் தெரிந்த இந்த விவேகம் நம் குடும்பத்துக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஒற்றைச் சாவி. அதைப் பெண்ணின் இடுப்பில் செருகிவிட்டு இல்லத்தரசி என்று பட்டமும் கொடுத்துவிட்டோம். அரசிக்குப் பதில் ஒருநாள் ஆள யாரும் இல்லை என்பது பட்டத்தில் எழுதப்படவில்லை.

ஆகவே வேலையைப் பிரிப்பதை விட்டு சாவியைப் பிரித்தோம். காலைச் சமையல், மூத்தவளின் சாப்பாட்டு டப்பா, இரண்டு குழந்தைகளின் ஊசி, மருந்து, காய்ச்சல் எல்லாம் என்னுடையவை. கேட்கக் கூடாது, கேட்டால் பதில் வராது. முதல் மூன்று மாதம் அவலம். உப்புமா, மறுபடியும் உப்புமா. ஒரு தடுப்பூசித் தேதியை மறந்து பத்து நாள் கழித்து ஓடினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளோடு பேசவில்லை. இதில் எதுவும் நாடகபூர்வமாக மாறிவிடவில்லை. என் மனைவி ஒருநாள் காலையில் பூரித்து எழுந்து பாடவில்லை. முதலில் திரும்பி வந்தது சண்டை. நான் வைத்த குழம்பில் புளி அதிகம் என்று சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தம்பதிகளின் மனநலம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் புன்னகைக்கிற படங்களைப் போடுகிறார்கள். என் அனுபவத்தில் மனநலம் என்பது சரிசமமாகச் சண்டை போட முடிவது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். நான் பெருமையோடு சுமந்து திரிந்த தனிமை, ஆத்மாவின் தனிமை, பாதிக்கு மேல் வாடகை கொடுக்காத அறை என்று தெரிந்தது. அடுத்தவள் காவலிருக்க நான் தனிமையில் இருந்திருக்கிறேன். வீட்டில் நான் விருந்தாளியாக இருந்ததால்தான் எனக்கு எல்லாம் அந்நியமாகத் தெரிந்தது. இதற்குக் காஃப்கா வரை போயிருக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கிளைக்கு வந்து காரணமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். வீட்டில் இருக்கத் தெரியாதவர்கள். இருப்பதற்கு அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் யாரும் வைத்திருக்கவில்லை, அவர்களும் வைத்துக்கொள்ளவில்லை. நஷ்டம் இல்லாமலும் இல்லை. வருஷத்துக்கு நான்கு கட்டுரை எழுதியவன் இப்போது ஒன்று எழுதுகிறேன். தமிழ் விமர்சனத்துக்கு இதனால் சேதம் நேர்ந்ததாக யாரும் முறையிடவில்லை.

மறுப்புகள் வரும். முதலாவது, வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பது. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண் எழுதுவதற்கு ஒரு சொந்த அறை வேண்டும் என்றார். எனக்கு அந்தப் புத்தகம் பிஏ வகுப்பில் கிடைத்த வரப்பிரசாதம். அவர் வீட்டில் 18 வருஷம் சமைத்தவர் நெல்லி பாக்ஸால் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அந்த நெல்லிக்கு எந்த அறை? எங்கள் ஊரில் வீட்டு வேலைக்கு வருகிறவள் தன் வீட்டில் விடியுமுன் ஒரு தடவை பெருக்கிவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருகிறாள். பாரம் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கைமாறுகிறது. ஆண் நகரவில்லை.

இரண்டாவது, அரசாங்கம்தான் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறதே என்பது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை நான் கேலி செய்ய மாட்டேன். மாதாமாதம் அதை எடுக்க வருகிற பெண்களின் முகத்தைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறவன். 'உதவித் தொகை' என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததில் நம் வீடுகளுக்கு இன்னும் எட்டாத ஒரு தெளிவு இருக்கிறது. அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. உழைத்தவள் உயிரோடிருந்தபோதே தொடங்கிய வழக்கு என்பதே ஒரு முன்னேற்றம். ஆனால் பணமும் சொத்தும் வேலையின் மதிப்பை ஒப்புக்கொள்கின்றன, வேலையை நகர்த்துவதில்லை. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு வெயிலில் வீட்டுக்குப் போகிறவளுக்கு அங்கே அதே அங்கணம் காத்திருக்கிறது. நகர்த்துவதற்கு நாட்கள் வேண்டும். சட்டம் தாய்க்கு 2017இலிருந்து 26 வாரம் விடுப்பு கொடுத்திருக்கிறது. தகப்பனுக்கு எங்கள் துறையில் 15 நாள். தனியார் வேலையில் இருப்பவனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. குழந்தை யாருடைய வேலை என்பதை அரசாங்கமே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறது.

மூன்றாவது மறுப்பு என் நண்பருடையது. இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பாக 1988இல் வந்தது. அதைப் படித்த பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறதென்றால் நாம் அதைப் படித்தது மூலையில் உட்கார்ந்து அல்ல, கூடத்தில் உட்கார்ந்து. ஒரு பெண் அங்கணத்தில் தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய ஒரு நாளில் யாருக்கும் பதில் சொல்லாத கணம் அது ஒன்றுதான். அதை உள்முகம் இல்லை என்று சொல்கிற விமர்சனம் உள்முகத்தை எங்கே தேடுகிறது?

எங்கள் ஊரின் பெரிய திருவிழா ஆடித்தபசு. ஹரியும் ஹரனும் ஒன்றென்று காட்டும்படி கோமதியம்மன் தவமிருந்தாள். சங்கரநாராயணர் பாதி சிவனும் பாதி திருமாலுமாகக் காட்சி கொடுத்தார். அந்த ஒரு காட்சிக்காக லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். இரண்டு ஆண்கள் பாதிப் பாதியாக ஒன்றாவதைக் காண ஒரு பெண் தவமிருந்த ஊர் இது. இதை எழுதும்போது எனக்கு பக்தியும் குறையவில்லை, கேள்வியும் குறையவில்லை. சைவனும் வைஷ்ணவனும் தம் சண்டையைத் தீர்த்துக்கொள்ள அவள் தவம் செய்தாள். அவளுக்காக யார் தவமிருந்தார்?

அடுத்த கூட்டம் என் வீட்டில். காப்பி நான் போடுகிறேன், தம்ளர்களை விமர்சக நண்பர் கழுவுகிறார். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், சம்மதித்திருக்கிறார். போன கூட்டம் நடந்த வீட்டு நண்பரின் மனைவியையும் அழைத்திருக்கிறேன், தட்டில்லாமல் வரும்படி. அந்தக் கவிதையை அந்தப் பெண்மணி அவருக்காக இன்னொரு தடவை வாசிப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு நாம் உள்முகம் பற்றிப் பேசலாம்.